வாலுக்கு ஊர்ந்து போன மனிதர்

தாத்தாவின் கதையில், குதிரைகள் ஓடும் இடத்தில் விமானம் வந்து இறங்கும். அது தரையைத் தொடும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் வெளியே வருவார். விமானத்தின் முதுகில் வயிற்றைப் போட்டுச் சறுக்கிக்கொண்டே போய் வாலில் உட்கார்ந்துகொள்வார். கூடியிருக்கும் ஜனம் 'ஐயோ, விழுந்துட்டான்' என்று கத்தும். அவர் விழமாட்டார். விமானம் அவர் பாரத்தில் வாலைத் தாழ்த்தி, முரண்டு பிடித்த குதிரை அடங்குகிற மாதிரி அப்படியே நின்றுவிடும்.

அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பார். "லாயத்துல வேலை பார்த்தவருக்கு விமானமும் குதிரையாத்தான் தெரியும். முதுகுல ஏறிப் போனானாம்!" அப்பா மட்டும் விடமாட்டார். "எங்கப்பா பொய் சொல்ற ஆளில்ல" என்பார். 5 வயதில் நான் இழந்த தாத்தாவைப் பற்றி எனக்கு மிஞ்சியது இந்தக் கதையும், அவர் பயன்படுத்திய பித்தளைச் சுண்ணாம்பு டப்பாவும்தான்.

குதிரைகள் ஓடும் இடம் என்று அவர் சொன்னது சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர்களுக்கும், எடுத்தவர்களோடு நடந்தவர்களுக்கும் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் ஊர்வலம் கிளம்புகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில், ரேஸ்கோர்ஸ் சாலைக்கு அப்பால், அடுக்குமாடிகளுக்கு நடுவே திடீரென்று வானம் விரிந்து தெரியும் ஓர் இடம் இருக்கிறதே, அதுதான். சிலர் பூங்கா என்பார்கள், சிலர் திடல் என்பார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் 'ரேஸ்கோர்ஸ்'. குதிரைப் பந்தயம் 1933லேயே புக்கித் தீமாவுக்கு இடம் மாறிவிட்டது. அப்பா பிறந்தது 1936ல். ஒரு பந்தயத்தைக்கூட அங்கே பார்க்காத மனிதர் இந்த 89 வயதிலும் "ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரலாமா" என்றுதான் கேட்கிறார். தன் அப்பாவிடமிருந்து வந்த பெயரை அவர் விடவில்லை.

நான் பிறந்ததும் அதற்குப் பக்கத்தில்தான். 1966ல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தார்கள், உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் அவ்வளவு பிரசவம் நடந்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம். இந்தப் பக்கம் குதிரை, அந்தப் பக்கம் எருமை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஆட்கள். லிட்டில் இந்தியா என்கிற எங்கள் தேக்காவின் கதையை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். 2021ல் திடலைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 10 ஹெக்டர் நிலத்தில் சுமார் 1,600 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரப்போவதாக அறிவித்தார்கள். நடுவில் ஒரு பசுந்திடலை விட்டுவைப்பார்கள், குத்துச்சண்டைக் கூடத்தின் கட்டடத்தையும் காப்பாற்றுவார்கள் என்றும் சொன்னார்கள். செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வீடு கட்டட்டும்மா, பிள்ளைங்க எங்க போவாங்க, வீடு வேணுமில்ல. ஆனா அப்பா நின்னு பார்த்த இடம் எதுன்னு யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

யாரும் எழுதி வைக்கவில்லை. கப்பல் நிறுவனத்தில் 31 ஆண்டு கணக்கு எழுதியவள் நான். ஒரு பதிவு இல்லையென்றால் அதைத் தேடாமல் தூக்கம் வராது. அடுத்த சனிக்கிழமையே விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனேன்.

முதலில் குதிரைகள். 1842ல் ஐரோப்பிய வியாபாரிகள் சிலர் கூடி சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் தொடங்கினார்கள். சதுப்பும் புதருமாக இருந்த இடத்தைத் திருத்தி ஓடுதளம் அமைத்தார்கள். 1843 பிப்ரவரி 23ல் முதல் பந்தயம் நடந்தது, பரிசு 150 டாலர். 1924ல் அந்தக் கிளப் டர்ஃப் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதெல்லாம் எந்த நூலிலும் கிடைக்கும். ஜெயித்தவர் பெயர், குதிரையின் பெயர், குதிரையின் நிறம்கூடக் கிடைக்கும். குதிரைக்குப் புல் அறுத்தவர் பெயர் கிடைக்காது.

அதைத் தேடிப் போனபோதுதான் எனக்கு ஓர் உண்மை பிடிபட்டது. கம்போங் கப்பூர் பக்கம் குடியிருந்த பாவெயன் தீவு மக்கள் குதிரை வளர்ப்பதிலும் பழக்குவதிலும் பேர் போனவர்கள். அவர்களோடு சேர்ந்துதான் நம் ஆட்கள் லாயத்தில் வேலை செய்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு நல்ல மலாய் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்கு எப்போதும் ஆச்சரியம். "நாகப்பட்டினத்துல கப்பலேறினப்ப அவருக்கு அடுத்த ஊர்ப் பேச்சே புரியாதும்மா" என்பார். தாத்தா குதிரையை அதட்டுவது, தட்டிக்கொடுப்பது எல்லாமே மலாயில்தானாம். லாயம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

அப்புறம் விமானம்.

பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க முடிகிறது, இது பெரிய வரம். தமிழில்தான் சிக்கல். சிங்கை நேசன் 1887ல் தொடங்கி 1890ல் நின்றுவிட்டது. தமிழ் முரசு 1935ல் பிறந்தது. தாத்தா பார்த்தது இரண்டுக்கும் நடுவில். ஆகவே அவர் பார்த்ததை அவர் மொழியில் படிக்க வழியில்லாமல், அவரால் எழுத்துக்கூட்டக்கூட முடியாத மொழியில் தேடினேன்.

தேடியதும் ஒன்று கிடைத்தது. 1911 மார்ச் 16. ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர், பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்ற இரட்டைச் சிறகு விமானத்தை இந்தப் பந்தயத் திடலிலிருந்து பறக்கவிட்டார். சிங்கப்பூர் வானத்தில் பறந்த முதல் விமானம் அதுதான். எனக்குக் கை நடுங்கியது. ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்பா சிங்கப்பூர் வந்தப்ப மீசை முளைச்சிடுச்சுன்னு சொல்வாரே. 11ல அவருக்குப் பத்துப் பதினோரு வயசுதானே இருக்கும்?" என்றார். தாத்தாவின் மரணச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். 1971ல் இறந்தபோது வயது 71. கணக்கு சரி. 1911ல் அவர் நாகப்பட்டினத்தில் பையனாக இருந்திருக்கிறார். மேலும், பாக்ஸ்கைட் பெட்டி பெட்டியாகக் கட்டிய காற்றாடி மாதிரி இருக்கும் விமானம். வெறும் சட்டமும் கம்பியும்தான். அதில் வயிற்றைப் போட்டு ஊர்ந்து போக முதுகே கிடையாது.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதே திடலில் எட்டு ஆண்டு கழித்து இன்னொரு விமானம் இறங்கியிருந்தது.

1919ல் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு போட்டி வைத்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு. அண்ணன் தம்பிகளான கீத் ஸ்மித்தும் ரோஸ் ஸ்மித்தும், ஜேம்ஸ் பென்னட், வாலி ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளோடு நவம்பர் 12ல் லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். விக்கர்ஸ் விமி என்ற விமானம். முதல் உலகப் போருக்காகக் குண்டுவீச்சு விமானமாக வடிவமைத்தது. சிறகு நுனியிலிருந்து நுனிக்கு 20 மீட்டருக்கு மேல். வழியில் தாய்லாந்தின் சொங்க்லாவில் தங்கிவிட்டு, டிசம்பர் 4, வியாழக்கிழமை, சிங்கப்பூர் வந்து இறங்கினார்கள். அப்போது இங்கே விமானத்தளம் எதுவும் கிடையாது. பந்தயத் திடல்தான் இருந்தது.

அந்தப் பயணத்தைப் பற்றி ரோஸ் ஸ்மித் தானே எழுதி வைத்திருக்கிறார். நூலகத்தில் உட்கார்ந்து சிங்கப்பூர் வரும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். இவ்வளவு பெரிய விமானத்துக்கு அந்தத் திடல் போதாது என்று அவருக்குக் கவலை. அந்த விமானத்தில் பிரேக் கிடையாது. வால் தரையில் உராய்ந்தால்தான் வேகம் குறையும். அதனால் பென்னட்டிடம் ஒரு காரியம் சொல்கிறார். இறங்கும் நேரத்தில் பென்னட் தன் இடத்தை விட்டு வெளியே ஏறி, விமானத்தின் உடலின் மேல் சறுக்கிக்கொண்டு வாலுக்குப் போகிறார். அவர் எடையில் வால் சட்டென்று தாழ்கிறது. தரையைத் தொட்டுச் சுமார் 100 கெஜத்தில், அதாவது 90 மீட்டர் தூரத்தில், விமானம் நின்றுவிடுகிறது.

நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். பக்கத்து மேசையில் ஒரு மாணவர் நிமிர்ந்து பார்த்து, "ஆர் யூ ஓக்கே, ஆண்ட்டி?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்திருக்கிறேன் போல.

முதுகில் ஊர்ந்து, வாலில் உட்கார்ந்து, சட்டென்று நின்று. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத 19 வயது லாயக்காரர் ஒருவர், வேலைக்கு நடுவில் நின்று பார்த்ததை, ஐம்பது ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள்தான் அதைக் கட்டுக்கதை என்று வைத்திருந்தோம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் காட்டியிருப்பேன். அவரும் மகிழ்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அவர் பேரென்ன, வாலுக்குப் போனவர்?" என்றார். பென்னட் என்றேன். "பென்னட்டு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அப்பாவுக்குப் பேர் தெரியாமலே போயிடுச்சு." பிறகு, அவர் என்ன ஆனார் என்று கேட்டார். சொல்ல மனமில்லை, ஆனாலும் சொன்னேன். அவர்கள் டிசம்பர் 10ல் டார்வின் போய்ச் சேர்ந்து பரிசை வென்றார்கள். 1922 ஏப்ரல் 13ல் இங்கிலாந்தில் ஒரு புதிய விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து, ரோஸ் ஸ்மித்தும் பென்னட்டும் இறந்துபோனார்கள். அப்பா அன்று இரவு சாமி விளக்கு ஏற்றும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். இங்கே இறங்கிய விமானம் மட்டும் இன்றும் இருக்கிறது, அடிலெய்ட் விமான நிலையத்தில். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

தாத்தா எந்த இடத்தில் நின்றார் என்று இன்னும் புள்ளி வைக்க முடியவில்லை. ஆனால் எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. அதைத் தாத்தாவின் படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 4-12-1919.

இதற்குப் பிறகுதான் மற்ற குடும்பங்களின் கதையையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. எங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை வீட்டில் இருக்கும்! ஓவன் ரோட்டில் என் சிநேகிதி குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல் மேசை உண்டு. சாயங்காலத்தில் முதியவர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். முதல் மாதம் நான் எதுவும் கேட்கவில்லை. கோப்பி வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மாதம் ஃபோனை மேசையில் வைத்து, "அண்ணே, பதிவு செஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், குரல்தான் பதிவாகும் என்று சொன்ன பிறகும்.

அங்கே அதிகம் பேசப்பட்டது 1942. அதைக் கவனமாக எழுத வேண்டும்.

1942 பிப்ரவரி 15ல், சீனப் புத்தாண்டின் முதல் நாளில், பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். பிப்ரவரி 17ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த சுமார் 45,000 சிப்பாய்களை இந்தத் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளைத் தனியே பிரித்துச் சாங்கியில் இருந்த கைதிகள் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். கர்னல் ஹன்ட் என்பவர் இவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டு, ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானியில் சொல்லப்பட்டது. பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார், இந்திய விடுதலைக்காக ஒரு படை சேர்க்கப் போவதாக. இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் உருப்பெறத் தொடங்கியது. கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை தங்கள் ராஜாவுக்காகச் சண்டை போட்டவர்கள், ஒரு மத்தியான நேரத்தில், ஒரு புல்தரையில் உட்கார்ந்து, தாங்கள் யார் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிலர் சேர்ந்தார்கள், சிலர் மறுத்துச் சிறையில் துன்பப்பட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் கவனம் என்றேன்.

மேசையில் இருந்தவர்களில் மூன்று பேர், அன்றைக்கு நேதாஜி பேசினார் என்று உறுதியாகச் சொன்னார்கள். அது நடந்திருக்க முடியாது. அந்த பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தார். அவர் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில், ஜூலை 5ல் படையைப் பார்வையிட்டது பாடாங் திடலில். ஒன்றரை ஆண்டு இடைவெளியும் இரண்டு திடல்களும் மனதில் ஒன்றாகிவிட்டன. நான் அந்த இடத்தில் திருத்தவில்லை. பதிவு செய்யும்போது ஒருவரைத் திருத்தினால் அவர் அப்புறம் உங்களுக்குப் பிடித்த மாதிரியே பேசுவார். நான் பேச்சை அப்படியே எழுதி, கீழே தனியாகத் தேதியைக் குறித்து வைக்கிறேன். அந்தத் தவறு எனக்கு மதிப்புள்ளதாகவே தெரிகிறது. அதன்பின் அந்தப் பெயர் இங்கே எவ்வளவு ஆழமாகப் பதிந்ததோ, அந்த அளவுக்கு அது பின்னோக்கிப் போய் முந்தைய நாளையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

என் அப்பாவுக்கு அப்போது 6 வயது. அவருக்குப் பேச்சு எதுவும் நினைவில்லை. நினைவில் இருப்பது அப்பாயி, அதாவது அவருடைய அம்மா. வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு தகரக் குவளையும் வைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாராம். கதவு இடுக்கில் அப்பா பார்த்திருக்கிறார். காக்கிக் கால்கள், கால்கள், கால்கள். முகம் தெரியவில்லை. ஒரு கை குனிந்து குவளையை எடுக்கும், வைக்கும். சாயங்காலம் அப்பாயி பானையைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்ததாம். தண்ணீருக்குக் கூலியாகப் போட்டாரா, தவறி விழுந்ததா, யாருக்குத் தெரியும். அந்தப் பொத்தான் இப்போது எங்களிடம் இல்லை. மூன்று வீடு மாறியதில் போய்விட்டது. இதை எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

அதனால் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

பழைய படங்களுக்கு முதல் எதிரி, 80களில் நாம் எல்லோரும் ஆசையாக வாங்கிய ஒட்டும் ஆல்பம். பக்கத்தில் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். அந்தப் பசை படத்தைத் தின்கிறது. அவசரப்பட்டுப் பிய்த்தால் படம் கிழியும். பல் இடுக்கில் விடும் நூலை, மெழுகு பூசாதது, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு மெல்ல அறுப்பது போல் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ முத்திரை, பெயர், கடன் கணக்குகூட இருக்கும். பேனாவால் எழுத வேண்டாம், மென்மையான பென்சில் போதும். லேமினேட் செய்யவே வேண்டாம். ஓர் அக்கா தன் கணவரின் கால்பந்துக் குழுப் படத்தைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்திருந்தார். உள்ளே ஈரம் புகுந்து முகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. நம் ஊர் ஈரப்பதத்தில் ஆல்பத்தை வெளிச்சுவர் ஓரத்து அலமாரியில் வைக்காமல், வீட்டின் உட்புறத்தில், சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்தால் பூஞ்சை குறைகிறது.

படத்தைவிட முக்கியம், படத்தில் இருப்பது யார் என்பது. பெயர் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நான் படத்தின் நகலைப் பெரிதாக அச்சிட்டு, மேலே மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு தலைக்கும் வட்டம் போட்டு எண் கொடுப்பேன். முதியவர்கள் விரலை வைத்துச் சொல்லச் சொல்ல எழுதுவேன்.

இப்படிச் சேர்ந்தவை இதுவரை 214 படங்கள், 19 பேரின் குரல். அதில் பாதிக்கு மேல் விளையாட்டுதான். ரோலண்ட் ஜான் ஃபேரர் என்ற முனிசிபல் கமிஷன் தலைவரின் பெயரைத் திடல் வாங்கிய பிறகு, பந்தயக் குதிரை ஓடிய இடத்தில் பையன்கள் ஓடினார்கள். 50களில் அரசியல் கூட்டங்களும் நடந்தன, அவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 1957ல் நீச்சல் குளம் திறந்தது. ஓவன் ரோட்டு அக்கா ஒருவர் முதல் ஆண்டிலேயே அதில் நீந்தியவர். பாவாடை தாவணியில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, குளத்தில் நீச்சலுடைக்கு மாறி, திரும்பும்போது தலையைக் காயவைக்கத் திடலை மூன்று சுற்றுச் சுற்றி வருவாராம். ஈரத் தலையோடு போனால் அப்பா கேள்வி கேட்பார். அந்த மூன்று சுற்றில் தூங்குமூஞ்சி மரங்கள் எது எது எங்கே நின்றன என்று எண்ணிச் சொன்னார். எனக்குக் கிடைத்ததிலேயே துல்லியமான வரைபடம் அதுதான். குளம் 2003ல் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்தது.

சேர்த்ததை எங்கே வைப்பது? ஒரு பிரதி என் கணினியில், ஒன்று என் தங்கை வீட்டில் தெம்பனிஸில், ஒன்று ஒவ்வொரு குடும்பத்திடமும். கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட சம்மதத் தாளோடு, விரும்புகிறவர்களின் படங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் கொடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 1979லிருந்து வாய்மொழி வரலாறு சேர்க்கிறார்கள், தமிழிலும் பேட்டிகள் இருக்கின்றன. ஒரு முழு நாள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். நம் தாத்தா பாட்டி பேசிய தமிழ், மலாய்ச் சொல்லும் கடல் காற்றும் கலந்த அந்தத் தமிழ், அப்படியே இருக்கிறது.

போன மாதம் அப்பாவைச் சக்கர நாற்காலி வண்டியில் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். ஒரு மூலையில் வேலைக்கான தடுப்புப் பலகைகள். நடுவில் பங்ளாதேஷ் தம்பிகள் சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். "எந்த ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு சொன்னே?" சொங்க்லா என்றேன். "அது எந்தப் பக்கம்?" நான் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து வடக்கைக் காட்டினேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பந்து ஒன்று உருண்டு வண்டியருகே வந்தது. ஒரு தம்பி ஓடி வந்து, "சாரி, அங்கிள்" என்றார். அப்பா அவரிடம் தமிழிலேயே, "இங்க ஒரு விமானம் எறங்குச்சு தம்பி" என்றார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்து, தலையாட்டி, அப்பா காட்டிய திசையில் தானும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஓர் உதவி. 137ஆம் எண் படம் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளை, ஓரத்தில் 1974 என்று பென்சிலில் இருக்கிறது. நான்கு பையன்கள் ஒரு பெரிய மரத்தடியில் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவரிடம் தோல் தேய்ந்த பந்து. இரண்டாமவர் வெறுங்கால், வலது முழங்காலில் கட்டு. மூன்றாமவர் பனியனில் 8 என்று கையால் தைத்திருக்கிறது, தையல் கோணல். நான்காமவர் மற்றவர்களைவிடச் சின்னவர், கையில் எல்லோருடைய செருப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் நீச்சல் குளத்து வேலி. அந்தப் பனியனில் 8 தைத்த அம்மாவோ, செருப்பைப் பிடித்திருந்த தம்பியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் சொல்லுங்கள். படத்தின் நல்ல பிரதி ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன்.